கைக்குழந்தையின் தலைக்காயம்: விழித்திரையைப் பார்த்தல், பதிதல், பொருள்கொள்ளுதல்

ஒரு வயது நிரம்பாத குழந்தை வெளிக்காயம் ஏதும் தெரியாமல், மயக்கத்திலோ வலிப்பிலோ மருத்துவமனைக்கு வருகிறது. சி.டி. படத்தில் மூளையைச் சுற்றிச் சப்டூரல் இரத்தம் தெரிகிறது. இந்த நிலையில் கண்பாவையை விரித்து விழித்திரையை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். எவ்வளவு தாமதமானாலும் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. விழித்திரைக்குள் கசிந்த இரத்தம் சில நாட்களிலேயே கரையத் தொடங்கிவிடும். கரைந்த பிறகு அது எவ்வளவு இருந்தது, எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தூத்துக்குடி மாவட்டத்து ஏரலில் இருந்து புறப்படும் குழந்தைக்கு இந்த 24 மணி நேரம் மிகக் குறுகியது. பக்கத்துத் தனியார் மருத்துவமனை, திருவைகுண்டம் அரசு மருத்துவமனை, பிறகு தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி அல்லது பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று இரண்டு, மூன்று வாசல்கள் மாறியே குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் சுற்றுவட்டாரம் துண்டிக்கப்பட்டது போன்ற நாட்களில் இன்னும் தாமதமாகும். ஆகவே கண் மருத்துவருக்குச் சொல்லி அனுப்பும் வேலை, சி.டி. படம் கைக்கு வந்த உடனேயே தொடங்க வேண்டும். ‘காலை ரவுண்ட்ஸில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளக் கூடாது.

தேவையான அளவு அடிப்படை

கைக்குழந்தையின் கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் கூழ், விழித்திரையோடு இறுக ஒட்டியிருக்கிறது: நடுப்புள்ளியான மாக்குலாவில், இரத்தக்குழாய்களின் மேல், பார்வை நரம்பின் தலைப்பில், ஓரா செர்ராட்டா எனப்படும் முன்விளிம்பில். தலை வேகமாக முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப ஆடும்போது இந்தக் கூழ் விழித்திரையைப் பிடித்து இழுத்து, அதன் அடுக்குகளைப் பிளந்து, குழாய்களைக் கிழிக்கக்கூடும். பரவலான கசிவுக்கு இன்று பெரும்பாலான கண் மருத்துவர்கள் ஏற்கும் விளக்கம் இது. மண்டைக்குள் அழுத்தம் கூடுதல், சிரைகளில் இரத்தம் தேங்குதல், இரத்தம் உறையாமை ஆகியவையும் கசிவை உண்டாக்கும். அவற்றின் தோற்றம் பெரும்பாலும் வேறாக இருக்கும். இந்த ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்குள்தான் இத்துறையின் வழக்குகள் அத்தனையும் அடங்கியிருக்கின்றன.

குழந்தையைப் பிடித்துக் குலுக்குவதால் மண்டைக்குள் இரத்தம் கசியலாம் என்று 1971 இல் எழுதியவர் பிரிட்டன் நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் கேஃபி 1972 இலும் 1974 இலும் அதை விரித்தெழுதினார். ‘குலுக்கப்பட்ட குழந்தை’ என்ற பெயர் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்பதால், 2009 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அதைக் கைவிட்டு, ‘வன்கொடுமைத் தலைக்காயம்’ என்ற பொருள்படும் சொல்லைப் பரிந்துரைத்தது. கத்கெல்சே தம் முதிய வயதில், தமது கருத்து நீதிமன்றங்களில் அளவுமீறிப் பயன்படுத்தப்படுகிறது என்று கவலை தெரிவித்தார்.

யாருக்குப் பரிசோதனை தேவை

1. காரணம் விளங்காத சப்டூரல் இரத்தக்கசிவு உள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும்.
2. சொல்லப்படும் விபத்துக்கும் காயத்தின் கடுமைக்கும் பொருத்தமில்லாதபோது. ‘பால் புரையேறியது’, ‘கட்டிலில் இருந்து உருண்டது’ என்று மட்டும் வரலாறு இருந்து குழந்தை கோமாவில் இருந்தால் பரிசோதனை கட்டாயம்.
3. வலிப்பு, மூச்சு நின்றுபோதல், ஓயாத வாந்தி ஆகியவற்றோடு விலா எலும்பு முறிவோ, தவழாத குழந்தையின் உடலில் கன்றலோ இருந்தால்.

மூளைப் படம் முழுக்க இயல்பாக இருந்து, குழந்தையும் விழிப்போடு இருந்தால் விழித்திரைக் கசிவு கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்தக் குழந்தைக்குப் பரிசோதனை வேண்டுமா என்பதை மற்றக் காயங்களைப் பார்த்து முடிவுசெய்யலாம்.

சொட்டு மருந்துக்கு முன்

தீவிர சிகிச்சையில் உள்ள குழந்தையின் கண்பாவை, மூளை நசுங்குகிறதா என்று காட்டும் காவல் அடையாளம். அதை மருந்தால் விரித்துவிட்டால் சில மணி நேரம் அந்த அடையாளம் கிடைக்காது. எனவே பின்வரும் வரிசை மாறக் கூடாது.

1. நரம்பியல் அறுவை மருத்துவரிடமும் தீவிர சிகிச்சை மருத்துவரிடமும் கேட்டு ஒப்புதல் பெற வேண்டும்.
2. விரிப்பதற்கு முன் இரு பாவைகளின் அளவையும் ஒளிக்கு அவை சுருங்கும் விதத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.
3. சந்தையில் கிடைக்கும் ட்ராபிகமைட் 0.8%, பினைலெஃப்ரின் 5% கலவையை அப்படியே ஊற்றக் கூடாது. குறைமாதக் குழந்தைகளின் கண் பரிசோதனைக்குச் செய்வதுபோல் சரிபாதியாக நீர்க்கச்செய்து, ஒரு துளி விட்டு, வழிந்ததை உடனே துடைக்க வேண்டும். 10% பினைலெஃப்ரின் கைக்குழந்தைக்கு ஆபத்து. நெடுநேரம் பாவையை விரித்துவைக்கும் அட்ரோபின் இங்கே வேண்டாம்.
4. மருந்தின் பெயர், அளவு, விட்ட நேரம் ஆகியவற்றைக் கேஸ் ஷீட்டிலும் படுக்கையின் தலைமாட்டிலும் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். இல்லையென்றால் இரவுப் பணிக்கு வரும் மருத்துவர் விரிந்த பாவையைப் பார்த்து, மூளை இறங்கிவிட்டது என்று குழந்தையை மறுபடி ஸ்கேனுக்கு அனுப்புவார்.
5. பாவையை விரிக்கவே முடியாத நிலை என்றால், விரிக்காமல் தெரிகிற அளவைப் பார்த்து, ‘பின்முனை மட்டும் காணப்பட்டது, வெளிவிளிம்பு காணப்படவில்லை’ என்று எழுதிவைத்து, அனுமதி கிடைத்ததும் மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கண்ணை மட்டும் விரிப்பதும் ஒரு வழி.

பரிசோதனையின்போது செவிலியர் ஒருவர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணை அழுத்தும்போது இதயத் துடிப்பு சட்டென்று இறங்கலாம், மூச்சும் நிற்கலாம். விழிக்கோளம் கிழிந்திருக்கும் என்ற ஐயம் இருந்தால் டிப்ரஸர் வைத்து அழுத்தவே கூடாது.

பார்க்கும் வரிசை

நேர்முக ஆப்தால்மாஸ்கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஃபண்டஸ் நார்மல்’ என்று எழுதுவது இந்த வேலையில் நடக்கும் பிழைகளில் முதன்மையானது. அக்கருவி காட்டுவது விழித்திரையின் சிறு நடுப்பகுதியை மட்டுமே. வழக்கைத் தீர்மானிக்கும் தகவல் பெரும்பாலும் வெளிவிளிம்பில் கிடக்கும்.

இதற்கென்று புதுக் கருவி தேவையில்லை. குறைமாதக் குழந்தைகளின் ஆர்.ஓ.பி. (குறைமாத விழித்திரை நோய்) பரிசோதனைக்கு வருகிற கண் மருத்துவரிடம் எல்லாமே இருக்கின்றன: தலையில் மாட்டும் இன்டைரக்ட் ஆப்தால்மாஸ்கோப், 20 அல்லது 28 டயாப்டர் லென்ஸ், குழந்தைக்கான இமை விரிப்பான், டிப்ரஸர், சில இடங்களில் ரெட்கேம் அல்லது பெங்களூருவில் உருவான 3நேத்ரா நியோ கேமரா. திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்குகிறது. குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒவ்வொன்றும், ஆர்.ஓ.பி. பார்க்கும் மருத்துவரின் கைபேசி எண்ணைத் தலைக்காயக் குழந்தைகளுக்காகவும் எழுதிவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

1. இமைகள், வெண்படலம், கருவிழி ஆகியவற்றில் காயமோ இரத்தத் திட்டோ உண்டா என்று வெறும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண் மை அப்பியிருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மைக்கு அடியில் கன்றல் மறைந்திருக்கும்.
2. பார்வை நரம்பின் தலைப்பு: வீக்கம் உண்டா, சுற்றிலும் கசிவு உண்டா.
3. மாக்குலாவும் நான்கு பெரிய குழாய் வளைவுகளும்.
4. நடுச்சுற்று, கடிகார முள் திசையில் ஒரு முழு வட்டம்.
5. டிப்ரஸர் உதவியோடு வெளிவிளிம்பு, ஓரா செர்ராட்டா வரை.
6. மற்றக் கண்ணில் இதே வரிசை. ஒரு கண்ணில் நிறையக் கிடைத்துவிட்டதென்று மறு கண்ணை அவசரமாகப் பார்ப்பது தவறு.
7. படம் எடுத்தல். கேமரா இருந்தால் ஒவ்வொரு கண்ணுக்கும் நடுப்பகுதியும் நான்கு திசைகளும். கேமரா இல்லையென்றால் ஆர்.ஓ.பி. படிவத்தின் வட்டங்களிலேயே மண்டலம் 1, 2, 3 என்று பிரித்துக் கையால் வரைந்துவிடலாம். பார்த்த கையோடு வரைந்த படம், மறுநாள் நினைவிலிருந்து எழுதும் பத்தியைவிடப் பல மடங்கு நம்பகமானது.

எழுத வேண்டியவை

‘இரு கண்களிலும் விழித்திரை இரத்தக்கசிவு உள்ளது’ என்ற ஒற்றை வரியால் பயன் இல்லை. நான்கு கசிவுக்கும் அதே வரி, நானூறு கசிவுக்கும் அதே வரி. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக இவை பதிவாக வேண்டும்.

எண்ணிக்கை: எண்ண முடிந்தால் எண், முடியாவிட்டால் ‘எண்ண இயலாத அளவு’.

பரப்பு: நரம்பைச் சுற்றி மட்டுமா, பின்முனையா, நடுச்சுற்றா, ஓரா வரையா.

அடுக்கு: இதில்தான் பழக்கம் வேண்டும். கசிவு தனக்குக் கீழுள்ள குழாயை மறைத்தால் அது விழித்திரைக்கு முன்னால் இருக்கிறது. குழந்தையை நிமிர்த்திவைத்தால் சில நேரம் இரத்தம் தங்கி மேல்மட்டம் நேர்கோடாகத் தெரியும். தீச்சுடர்போல் கீற்றாக இருந்தால் நரம்பிழை அடுக்கு. புள்ளியாகவோ திட்டாகவோ இருந்தால் அதற்கும் ஆழம். குழாய்கள் கசிவின் மேலே தெளிவாக ஓடினால் விழித்திரைக்குப் பின்னால். நடுவில் வெள்ளைப் புள்ளி கொண்ட கசிவைத் தனியாகக் குறிக்க வேண்டும். அது பல நோய்களில் வரும், எதற்கும் தனி அடையாளம் அல்ல.

கூடுதல் அடையாளங்கள்: விழித்திரை பிளவுபட்டு மாக்குலாவில் குமிழ்போல் எழும்பும் ரெட்டினோஸ்கைசிஸ், அதைச் சுற்றி வளைவாகத் தெரியும் வெளிறிய மடிப்பு, விட்ரியஸுக்குள் கசிந்த இரத்தம்.

நிறத்தைப் பார்த்து நாளைக் கணிக்க முயலக் கூடாது. ‘கருஞ்சிவப்பு, ஆகவே மூன்று நாள் பழையது’ என்று எழுத அறிவியலில் இடமில்லை. விழித்திரைக்குள் உள்ளவை நாட்களில் கரையும், முன்னால் தேங்கியவை வாரக்கணக்கில் நிற்கும் என்ற அளவில் பொதுவாகச் சொல்லலாம். காவல்துறை கேட்பது ‘எந்த நேரம், அப்போது வீட்டில் யார்?’ என்ற கேள்வி. அதற்கான விடை விழித்திரையில் இல்லை.

வரலாறு கேட்டல்

பரிசோதனைக்கு ஆகும் நேரம் அரை மணி. வரலாறு கேட்க அதைவிட அதிகம் செலவிட வேண்டும். தாய், தந்தை, பாட்டி மூவரையும் தனித்தனியே கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். ‘ஜன்னி வந்துச்சு’ என்று தாய் சொன்னால் அதையே எழுதி, பிறகு கைகால் வெட்டியதா, விறைத்ததா, தளர்ந்ததா என்று விளக்கம் கேட்டுக் கீழே குறிக்கலாம். ‘ஃபிட்ஸ்’ என்று மாற்றி எழுதிய உடனே பாதி தகவல் போய்விடும்.

கேட்க வேண்டியவை:

1. குழந்தை கடைசியாக எப்போது இயல்பாகப் பால் குடித்தது, சிரித்தது, கையைக் காலை ஆட்டியது? பார்த்தவர் யார்?
2. பிரசவம் எங்கே, எப்படி? வாக்குவம் அல்லது ஃபோர்செப்ஸ் போட்டார்களா? பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா? வாய்மொழியை மட்டும் நம்பாமல் தாய் சேய் நல அட்டையையும் பிக்மி (கர்ப்பப் பதிவு) எண்ணைக் கொண்டு மருத்துவமனைப் பதிவையும் பார்க்க வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் எடைப் பதிவு இருக்கும்.
3. தொப்புள்கொடி விழும்போது நிற்காமல் இரத்தம் வந்ததா? குடும்பத்தில் பச்சிளங் குழந்தை யாரேனும் இறந்ததுண்டா?
4. பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா? அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் திருமணங்கள் இப்பகுதியில் சாதாரணம். அதனால் இரத்த உறைவுக் காரணி 13 குறைபாடு போன்ற, இரு பெற்றோரிடமிருந்தும் வந்து சேரும் அரிய நோய்களை இங்கே புத்தக அளவோடு விட்டுவிட முடியாது.
5. விழுந்தது என்றால் எங்கிருந்து? திண்ணையா, கட்டிலா, சேலைத் தொட்டிலா, இடுப்பிலிருந்தா, இருசக்கர வண்டியின் பெட்ரோல் டேங்கிலிருந்தா? தரை சிமென்டா, மண்ணா?
6. உரம் எடுக்கப்பட்டதா?

கடைசிக் கேள்வி தாமிரபரணிக் கரையில் விட்டுவிடக் கூடாத ஒன்று. குழந்தை ஓயாமல் அழுதாலோ கழுத்தைத் திருப்ப மறுத்தாலோ ‘உரம் விழுந்திருக்கு’ என்று சொல்லி, கைராசியுள்ள ஒருவரிடம் கொண்டுபோவார்கள். சேலையிலோ வேட்டியிலோ கிடத்தி, இரு முனையையும் இருவர் பிடித்து, குழந்தையை இப்படியும் அப்படியும் உருட்டுவது ஒரு முறை. குளிப்பாட்டும்போது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், குடலேற்றம் என்று வயிற்றைத் தட்டி நீவுவதும் வேறு சில. இவற்றைச் செய்தவர்கள் குழந்தை நலமடையவே செய்தார்கள். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று அதட்டிக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘பிள்ளைக்கு உரம் எடுக்கக் கொண்டுபோனீங்களா ஆச்சி, என்னைக்கு?’ என்று கேட்டால் பாட்டியே நாள், ஆள், முறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

பதிலைக் கையாள்வதில் இரண்டு எல்லைகள் உண்டு. உரம் எடுத்ததாலேயே பரவலான விழித்திரைக் கசிவு வந்தது என்று முடிவுகட்ட ஆதாரம் போதாது. அதற்காக அதை எழுதாமல் விடவும் கூடாது. எத்தனை முறை, எவ்வளவு வேகம், தலை தாங்கப்பட்டிருந்ததா, அதன் பிறகு குழந்தை பால் குடித்ததா என்ற அளவுக்கு விவரமாகப் பதிந்து, முடிவுரையில் அதைத் தனிப் பத்தியாக எடைபோட வேண்டும். முடிந்தால் பொம்மையைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லி, ஒப்புதலோடு வீடியோ எடுக்கலாம்.

வேறு காரணங்களை விலக்குதல்

பிரசவம். இயல்பான பிரசவத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு விழித்திரைக் கசிவு இருக்கும். வாக்குவம் போட்டால் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டும். சிசேரியனில் ஏழு அளவு. பெரும்பாலானவை பத்து நாட்களில் மறைந்துவிடும். அரிதாக ஒரு கசிவு 58 நாள் வரை நின்றதாகப் பதிவு உண்டு. எனவே இருபது நாள் குழந்தையிடம் காணும் சில கசிவுகளும் ஐந்து மாதக் குழந்தையிடம் காணும் அதே கசிவுகளும் ஒரே பொருள் தராது.

வைட்டமின் கே குறைபாடு. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான குழந்தைக்குத் திடீரென்று மூளையில் இரத்தம் கசியலாம். ஒரு கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள எல்லாப் பச்சிளங் குழந்தைக்கும் 1 மில்லிகிராம், அதற்குக் குறைந்த எடைக்கு அரை மில்லிகிராம் ஊசி போட வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறை 2014 இல் வழிகாட்டியது. விட்டுப்போகும் குழந்தைகள் இருக்கத்தான் செய்கின்றன. இங்கே ஒரு பெரிய பிழை நடக்கிறது: குழந்தை வந்ததும் வைட்டமின் கே ஊசியும் பிளாஸ்மாவும் ஏற்றிவிட்டு, மறுநாள் இரத்தம் எடுத்து, பி.டி. (இரத்த உறைவு நேரம்) இயல்பு என்று எழுதிவிடுகிறார்கள். முதல் ஊசிக்கு முன் ஒரு குழாய் இரத்தம் எடுத்துவைத்தால் போதும். சிகிச்சை ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாது. எதிர்ப்பக்கமும் ஒரு பொறி உண்டு: கடுமையான மூளைக்காயமே உறைவுச் சோதனைகளைச் சற்றுக் குலைக்கும். ஆகவே லேசாகக் கூடிய பி.டி.யைக் கண்டதும் நோய் என்று முடிவு செய்யவும் கூடாது.

காரணி 13 குறைபாடு. பி.டி., ஏ.பி.டி.டி., தட்டணுக்கள் மூன்றும் இயல்பாக இருந்தும் இரத்தம் உறைந்து நிலைக்காது. யூரியாவில் உறைகட்டி கரைகிறதா என்ற எளிய சோதனை உள்ளது. பிளாஸ்மா ஏற்றிய பின் இதுவும் பொய் சொல்லும்.

குளுட்டாரிக் அமிலநோய் முதல் வகை. தலை பெரிதாக இருந்து, எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் முன்பக்க இடைவெளிகள் அகன்றிருந்தால் சிறுநீரில் கரிம அமிலங்களைச் சோதிக்க வேண்டும். இதில் சப்டூரல் கசிவோடு சில விழித்திரைக் கசிவுகளும் வரலாம். விழித்திரை முழுக்கப் பரவுவதில்லை.

மூளைக்காய்ச்சல், இரத்தப் புற்று, மூளைச் சிரைகளில் அடைப்பு, கடும் இரத்தசோகை, மூளை மலேரியா ஆகியவற்றையும் பட்டியலில் வைத்து, இரத்தச் சோதனையாலும் படத்தாலும் ஒவ்வொன்றாக அடித்துவிட வேண்டும். இருமல், வாந்தி, வலிப்பு ஆகியவை மட்டும் பரவலான கசிவைத் தருவதில்லை. நெஞ்சை அழுத்தி உயிர்மீட்பு செய்யப்பட்ட குழந்தையிடம் அரிதாகச் சில சிறு கசிவுகள் பின்முனையில் காணப்படும்.

உடலெங்கும் எலும்புப் படம் எடுத்து, இரு வாரங்களுக்குப் பின் மீண்டும் எடுப்பது வழக்கம். புது விலா முறிவு முதல் படத்தில் தெரியாமல் போகும்.

பொருள்கொள்ளுதல்

2013 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வன்கொடுமைத் தலைக்காயம் என்று முடிவுசெய்யப்பட்ட குழந்தைகளில் 78 விழுக்காட்டினருக்கும் மற்றத் தலைக்காயக் குழந்தைகளில் 5 விழுக்காட்டினருக்கும் விழித்திரைக் கசிவு இருந்ததாகக் கணக்கிட்டது. கசிவு இருந்தவர்களில் இரு கண்ணிலும் இருந்தது முதல் வகையில் 83 விழுக்காடு, இரண்டாம் வகையில் சுமார் 8. விபத்துக் குழந்தைகளின் கசிவுகள் சிலவாக, பின்முனையில் இருந்தன; பத்தில் ஒன்றே வெளிவிளிம்பை எட்டியது.

இந்த எண்களை நீதிமன்றத்துக்கு எடுத்துச்செல்லும் முன் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 78 என்றால் மீதி 22 குழந்தைகளுக்குக் கசிவே இல்லை; கண் தெளிவாக இருப்பதால் வன்கொடுமை இல்லை என்று எழுத முடியாது. இரண்டு, பழைய ஆய்வுகள் பலவற்றில் ‘இது வன்கொடுமை’ என்று முடிவுகட்ட விழித்திரைக் கசிவையே ஒரு சான்றாக எடுத்திருந்தார்கள். அப்படிப் பிரித்த குழுவில் கசிவு அதிகம் என்று பிறகு சொல்வது வட்டத்தில் சுற்றுவது. ஸ்வீடனின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் 2016 இல், சப்டூரல் கசிவு, விழித்திரைக் கசிவு, மூளைப் பாதிப்பு ஆகிய மூன்றைக் கொண்டு குலுக்கலை முடிவு செய்வதற்கான அறிவியல் சான்று குறைவானதே என்று அறிவித்தது இதனால்தான். அந்த அறிக்கையைக் கடுமையாக மறுத்த குழந்தை மருத்துவர்களும் உண்டு. இரு தரப்பும் படிக்கப்பட வேண்டும்.

நடைமுறையில் மூன்று படிகளில் கருத்தை அமைக்கலாம்.

முதல் படி, சில கசிவுகள், பின்முனையில் மட்டும், பெரும்பாலும் ஒரு கண்ணில்: எந்தக் காரணத்தையும் தனியாகச் சுட்டுவதில்லை. சிறு உயரத்திலிருந்து விழுந்ததோடு இது பொருந்தலாம்.

இரண்டாம் படி, கசிவுகள் கணிசமாக இருந்தும் வெளிவிளிம்பை எட்டாத இடைநிலை: ஐயத்தைக் கூட்டுகிறது, தீர்ப்பதில்லை. பெரும்பாலான தவறான அறிக்கைகள் இந்த நிலையில்தான் பிறக்கின்றன. ஒருபுறமாகத் தள்ளிவிட வேண்டும் என்ற அவசரமே காரணம்.

மூன்றாம் படி, எண்ண இயலாத அளவு, பல அடுக்குகளில், ஓரா வரை, அதோடு மாக்குலாவில் பிளவும் மடிப்பும்: உறைவு நோய் விலக்கப்பட்டு, பெரும் விபத்தும் இல்லையென்றால் திரும்பத் திரும்ப வேகமாக அசைக்கப்பட்டதோடு வலுவாகப் பொருந்துகிறது. ஆனாலும் தனித்து நிற்கும் சான்று அல்ல. தொலைக்காட்சிப் பெட்டி தலையில் விழுந்த குழந்தையிடமும், உயிரைப் பறித்த வாகன விபத்துகளிலும் இதே பிளவும் மடிப்பும் பதிவாகியிருக்கின்றன.

இரு பக்கப் பிழைக்கும் விலை உண்டு. 2012 ஏப்ரலில் பெங்களூரு வாணி விலாஸ் மருத்துவமனையில் மூன்று மாதப் பெண் குழந்தை தலைக்காயத்தால் இறந்தது. பெண்ணாகப் பிறந்ததே காரணம் என்று தந்தைமேல் குற்றம் சாட்டப்பட்டது. இத்தகைய குழந்தைகள் முதல்முறை சிறு காயத்தோடு வரும்போதே அடையாளம் காணப்பட்டால் இரண்டாம் முறை பிணமாக வர வேண்டியதில்லை. மறுபுறம், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குழந்தைகளின் பிணக்கூறாய்வில் ஒரே மருத்துவர் செய்த தவறுகளால் நிரபராதிகளான பெற்றோரும் உறவினரும் சிறை சென்றதை 2008 இல் கவுஜ் விசாரணை ஆணையம் வெளிக்கொணர்ந்தது. குழந்தையை இழந்த தாயை அந்தக் குழந்தையின் கொலைகாரி என்று நிறுத்துவதைவிடக் கொடிய தவறு மருத்துவத்தில் அதிகம் இல்லை.

குழந்தை இறந்துவிட்டால்

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 194 இன்படி விசாரணை தொடங்கி, உடல் பிணக்கூறாய்வுக்கு வரும். அங்கே கவனிக்க வேண்டியவை:

1. கண்ணுக்குள்ளிருந்து விட்ரியஸ் நீரை ஊசியால் உறிஞ்சக் கூடாது. இறந்த நேரம் கணிக்க அதை எடுப்பது வழக்கம். கைக்குழந்தையில் அந்த ஊசியே விழித்திரையைக் குலைத்துவிடும். தேவையென்றால் கண் முழுமையாக ஆராயப்பட்ட பின்பே.
2. கருவிழி மங்குவதற்குள் கண் மருத்துவர் ஒருவர் இன்டைரக்ட் கருவியால் பார்த்துப் படமெடுப்பது நல்லது.
3. மூளையை எடுத்த பின், கண்குழியின் மேற்கூரையைத் திறந்து, விழிக்கோளத்தைப் பார்வை நரம்போடும் சுற்றுத் திசுவோடும் ஒரே துண்டாக எடுக்க வேண்டும். நரம்பை விழியின் அருகே வெட்டினால் நரம்பு உறைக்குள் இருக்கும் இரத்தத்தைக் காண முடியாது.
4. வலது, இடது என்று தனித்தனிப் புட்டியில் 10% ஃபார்மலினில், திறக்காமல், குறைந்தது இரண்டு நாள்.
5. வெட்டும் முன்பும் பின்பும் அளவுகோலோடு படம். பாவையும் நரம்பும் ஒரே தளத்தில் வரும்படி வெட்ட வேண்டும்.
6. சாதாரணச் சாயத்தோடு இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயமும் தேவை. இரும்பு தெரிந்தால் கசிவு இரண்டு, மூன்று நாளாவது பழையது. பிரசவக் கசிவின் மிச்சமாகவும் அது இருக்கலாம் என்பதால் குழந்தையின் வயதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இரு கண்களையும் எடுத்துவைப்பதைக் குடும்பத்தாரிடம் முன்பே பொறுமையாகச் சொல்லி, திசு எப்போது, எப்படித் திருப்பித் தரப்படும் என்பதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். பிள்ளையின் முகம் மாறாமல் இமைக்குள் பஞ்சு வைத்துச் சீராக்குவது பிணவறையின் கடமை.

அறிக்கை, சாட்சியம்

ஐயம் எழுந்த உடனேயே ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவும் காவல் நிலையத்துக்குத் தகவலும் தேவை. குழந்தைகள் உதவி எண் 1098 வழியாகக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தெரிவிக்கலாம். வீட்டில் வேறு சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களையும் அன்றே பரிசோதிக்க வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் 2015 இன் பிரிவு 74 குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை செய்கிறது. எனவே விழித்திரைப் படத்தை மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு அனுப்புவது குற்றம்.

கேமராப் படங்களுக்கு, பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63 கோரும் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். மூலக் கோப்பு திருத்தப்படாமல் தனியாக இருக்கட்டும். வெளிச்சம் கூட்டிய பிரதியை வேறு பெயரில் வைக்கலாம்.

அறிக்கையில் கண்டதும் கருத்தும் இரு பகுதிகளாக நிற்க வேண்டும். ஒரு மாதிரி:

‘கண்டவை: வலது கண்ணில் எண்ண இயலாத கசிவுகள், விழித்திரைக்கு முன்னும் உள்ளும், மண்டலம் 1 முதல் ஓரா வரை. இடது கண்ணில் சுமார் பன்னிரண்டு கசிவுகள், மண்டலம் 1 இல் மட்டும். இரு கண்ணிலும் பிளவோ மடிப்போ இல்லை. நரம்புத் தலைப்பு வீங்கவில்லை. கருத்து: வலது கண்ணின் தோற்றம் சொல்லப்பட்ட கட்டில் வீழ்ச்சியால் மட்டும் விளக்கப்படுவது அரிது. உறைவுச் சோதனை முடிவுகளும் எலும்புப் படமும் வந்த பின் இக்கருத்து மறுபடி பார்க்கப்படும்.’

‘குலுக்கப்பட்டதால் ஏற்பட்டது’, ‘தந்தையால் ஏற்பட்டது’ போன்ற தொடர்கள் கண் மருத்துவரின் அறிக்கையில் வரக் கூடாது. நிபுணர் கருத்தை ஏற்கும் சாட்சிய அதினியத்தின் பிரிவு 39, அவருடைய துறைக்குள் மட்டுமே அவரைப் பேச அழைக்கிறது. குறுக்கு விசாரணையில் ‘வேறு எதனாலும் இது வரவே வராதா?’ என்று கேட்கப்படும். வரக்கூடியவற்றைச் சொல்லி, இந்தக் குழந்தையிடம் அவை ஒவ்வொன்றும் எந்தச் சோதனையால் விலக்கப்பட்டன என்று தேதியோடு காட்டுவதே விடை. செய்யாத சோதனை இருந்தால் செய்யவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிழைத்த குழந்தைக்கு

வழக்கு நடக்கும் ஆண்டுகளில் குழந்தையின் பார்வையை மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. முதல் பரிசோதனைக்கு இரு வாரம் கழித்தும், பிறகு கசிவு கரையும் வரை மாதம் ஒருமுறையும் பார்க்க வேண்டும். மாக்குலாவை மறைத்து இரத்தம் தேங்கி நின்றால் அந்தக் கண் மந்தமாகிவிடும். விட்ரியஸ் அறுவை தேவையா என்பதைச் சில வாரங்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். விழித்திரை முழுவதும் தெளிந்த பின்னும் குழந்தை முகம் பார்க்கவில்லையென்றால் பாதிப்பு மூளையின் பார்வைப் பகுதியில் இருக்கிறது. அதற்கான பார்வைத் தூண்டல் பயிற்சியை ஆறு மாதத்துக்குள் தொடங்க, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஏரலில் இருந்து மாதாமாதம் பேருந்தில் வந்துபோக வேண்டியவர் பெரும்பாலும் பாட்டியாகவே இருப்பார் என்பதால், அடுத்த தேதியை அவர் கையில் உள்ள அட்டையில் தமிழில் எழுதி, கிராம சுகாதார செவிலியருக்கும் தெரிவித்துவிட வேண்டும்.